மன அழுத்தமும் மூளையும்: கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வரலாறு

மன அழுத்தம் என்பது, தாங்கும் அளவை மீறிய சுமையோ ஆபத்தோ வரும்போது உடலும் மூளையும் சேர்ந்து காட்டும் எதிர்வினை ஆகும். அறிவியல் இதை முறையாக ஆராயத் தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகளே ஆகின்றன. அந்த நூறு ஆண்டுகளிலும்கூட, மன அழுத்தத்தால் வருந்துபவரை 'மனவுறுதி இல்லாதவர்' என்றே ஊர் சொல்லி வந்தது. வருத்தம் முற்றி உயிரை விட முயன்றவரைச் சட்டம் குற்றவாளி என்றது. இவ்விரு எண்ணங்களும் எப்படி மெல்ல மாறின என்பதை இக்கட்டுரை கூறுகிறது. எடுத்துக்காட்டுகளில் பல, சேத்தியாத்தோப்பு அமைந்துள்ள கடலூர் மாவட்டத்தில் நடந்தவை. இம்மாவட்டம் கடலும் புயலும் வெள்ளமும் மாறி மாறித் தாக்கிய பகுதி. மன அழுத்தம் பற்றி உலகமே கவனித்த ஆய்வு ஒன்று நடந்த இடமும் இதுவே.

சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்பது முதலில் இயற்பியலிலும் பொறியியலிலும் வழங்கிய சொல். ஓர் இரும்புத் துண்டின் மீது செலுத்தப்படும் விசை அதற்குள் உண்டாக்கும் தகைவை அது குறித்தது. அதை மருத்துவத்திற்குக் கொண்டுவந்து உலகெங்கும் பரப்பியவர் ஹான்ஸ் செலியே. தமிழ்நாட்டில் இதற்கு 'மன அழுத்தம்' என்ற சொல் நிலைத்தது. ஈழத்துத் தமிழ் மருத்துவ நூல்கள் 'நெருக்கீடு', 'உளநெருக்கீடு' என்ற சொற்களை ஆள்கின்றன. போர்க்காலத்தில் மக்களின் மனநிலையை ஆராய்ந்த யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரின் பணியால் அங்கு இத்துறைச் சொற்கள் செழித்தன.

இங்கு ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். செய்தித்தாள்களில் 'மன அழுத்தம்' என்ற சொல் இரண்டு வேறு நிலைகளுக்கு வழங்கப்படுகிறது. ஒன்று, தேர்வு, கடன், புயல் போன்ற சுமைகளுக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை. மற்றொன்று, வாரக்கணக்கில் நீடிக்கும் துயரம், ஈடுபாடின்மை, தூக்கக் கேடு முதலிய அறிகுறிகளைக் கொண்ட நோய். பின்னதை 'மனச்சோர்வு' என்று அழைப்பதே பொருத்தம். நீண்டநாள் மன அழுத்தம் மனச்சோர்வுக்கு வழிவகுக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஊர் வழக்கில் இவ்விரண்டு சொற்களும் அதிகம் புழங்குவதில்லை. 'மனசே சரியில்லை', 'நெஞ்சு படபடக்குது', 'தலை பாரமா இருக்குது', 'ஒரே டென்ஷன்' என்றுதான் சொல்வார்கள். இவற்றில் பாதி உடலைப் பற்றிய சொற்கள் என்பதைக் கவனிக்கலாம். அறிவியல் ஆய்வும் உடலிலிருந்தே தொடங்கியது.

உடலில் தொடங்கிய ஆய்வு

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் அறிஞராக இருந்த வால்டர் கேனன், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், உணவு செரிக்கும்போது பூனையின் இரைப்பை எப்படி அசைகிறது என்பதை எக்ஸ்-கதிர் மூலம் கவனித்து வந்தார். பூனை அச்சமோ கலக்கமோ அடைந்தால் இரைப்பையின் அசைவு உடனே நின்றுவிடுவதைக் கண்டார். அந்தச் சிறு கவனிப்பைத் தொடர்ந்து ஆராய்ந்து 1915இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஆபத்தைக் கண்டதும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்தம் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. செரிமானம் போன்ற அவசரமில்லாத வேலைகள் ஒத்திவைக்கப்படுகின்றன. உடல் எதிர்த்துப் போராடவோ தப்பி ஓடவோ ஆயத்தமாகிறது என்று அவர் விளக்கினார். தேர்வு நாள் காலையில் இட்லி இறங்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

ஹான்ஸ் செலியே 1907இல் வியன்னாவில் பிறந்து, கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றியவர். 1936இல் 'நேச்சர்' இதழில் அவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், நஞ்சு கொடுத்தாலும், அளவுமீறி ஓடவிட்டாலும் அவற்றின் உடலில் ஒரே வகை மாற்றங்கள் தோன்றின. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் பெருத்தன. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கியது. இரைப்பையில் புண் உண்டானது. காரணங்கள் பலவாயினும் எதிர்வினை ஒன்றே என்பது அவர் கண்ட உண்மை. எச்சரிக்கை, எதிர்ப்பு, களைப்பு என்று மூன்று கட்டங்களாக அவர் அதைப் பிரித்தார். மூன்றாம் கட்டமே கேடு செய்வது. ஆயினும் எல்லா அழுத்தமும் தீயதில்லை, அளவான அழுத்தம் மனிதனை முனைப்புடன் இயங்க வைக்கிறது என்பதையும் அவரே பின்னாளில் வலியுறுத்தினார்.

மூளைக்குள் நுழைந்த ஆய்வு

ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு வேதிச் செய்தியை அனுப்புகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது. அங்கிருந்து கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி, உடலுக்கு உடனடி ஆற்றல் தருவது அதன் வேலைகளுள் ஒன்று. ஆபத்து நீங்கியதும் சுரப்பு தானே தணிய வேண்டும்.

இந்த ஹார்மோன் மூளையையும் பாதிக்கிறது என்பதற்கு வழிகாட்டியவர் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் மக்யூவன். அழுத்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் மிகுதியாக இருப்பதை அவருடைய குழு 1968இல் கண்டறிந்தது. கடற்குதிரையின் வடிவத்தை ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்ற ஹிப்போகாம்பஸ், நினைவாற்றலுக்கு இன்றியமையாத பகுதி. எனவே அழுத்தத்திற்கும் மறதிக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

மாணவர்கள் மூளையின் மூன்று பகுதிகளை நினைவில் வைத்தால் போதும். முதலாவது ஹிப்போகாம்பஸ், புதிய நினைவுகளை உருவாக்குவது. இரண்டாவது அமிக்டலா, பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும், அச்சத்தை உணர்ந்து எச்சரிப்பது. மூன்றாவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி. நிதானித்து முடிவெடுப்பதும் அவசர உந்துதலை அடக்குவதும் இதன் பொறுப்பு. கடும் அழுத்தம் வரும் நேரத்தில் இந்த மூன்றாம் பகுதியின் பிடி தளர்ந்துவிடுகிறது என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் முதலியோரின் ஆய்வுகள் காட்டின. அந்நேரத்தில் அச்சம் முந்திக்கொள்கிறது, நிதானம் பின்தங்குகிறது. அழுத்தம் தணிந்ததும் நிதானம் திரும்புகிறது. இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இந்த ஓர் உண்மையே அடிப்படை.

பெங்களூரில் கிடைத்த விடை

இத்துறையில் இந்தியாவின் பங்கு பெரிது. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சாட்டர்ஜியும் அவருடைய மாணவர்களும், நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சங்கரநாராயண ராவுடன் இணைந்து ஓர் ஆய்வை 2002இல் வெளியிட்டனர். எலிகளை நாளொன்றுக்கு 2 மணி நேரம் அசைய முடியாதபடி 10 நாட்கள் கட்டுப்படுத்தி வைத்து, பிறகு அவற்றின் நரம்பணுக்களை ஆராய்ந்தனர். ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. அமிக்டலாவில் கிளைகள் முன்பைவிட விரிந்து வளர்ந்திருந்தன. ஒரே அழுத்தம் நினைவின் இருப்பிடத்தைக் குறைத்து, அச்சத்தின் இருப்பிடத்தைப் பெருக்கியது.

அடுத்து வந்த ஆய்வுகள் மேலும் இரண்டு செய்திகளைத் தந்தன. 21 நாட்கள் எலிகளுக்கு ஓய்வளித்த பின் ஹிப்போகாம்பஸில் ஏற்பட்ட சுருக்கம் சரியாகியது. அமிக்டலாவின் வளர்ச்சியோ அப்படியே நின்றது. 2005இல் வெளியான ஆய்வில் எலிகளை ஒரே ஒரு முறை, 2 மணி நேரம் மட்டுமே கட்டுப்படுத்தினர். மறுநாள் அமிக்டலாவில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. 10 நாட்கள் கழித்துப் பார்த்தபோது, அதன் நரம்பணுக்களில் செய்தி பெறும் சிறு முனைகள் பெருகியிருந்தன. எலிகளின் பதற்றமும் கூடியிருந்தது.

எலியில் கண்டது அனைத்தும் மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. எனினும், ஒரு பேரதிர்ச்சியின் விளைவு நாட்கள் கழித்து வெளிப்படக்கூடும் என்பதற்கு உயிரியல் அடிப்படை உண்டு என்பதை இவ்வாய்வு காட்டியது. 2002இல் வந்த ஆய்வுக்கும் 2005இல் வந்த ஆய்வுக்கும் நடுவில்தான், 2004 டிசம்பர் 26 அன்று, கடலூர்க் கரையை ஆழிப்பேரலை தாக்கியது.

ஆழிப்பேரலைக்குப் பின்

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டை, எம்.ஜி.ஆர். திட்டு உள்ளிட்ட கடலோர ஊர்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அரிசி, துணி, படகு, வலை, வீடு என்று உதவிகள் வந்தன. அவற்றோடு, இம்மாநிலத்தில் முன்பு பெரிதாகப் பேசப்படாத ஒரு தேவையும் உணரப்பட்டது. கடலில் பிறந்து வளர்ந்தவர்களே கடலைப் பார்க்க அஞ்சினர். சிறு சத்தத்திற்கும் 'தண்ணி வருது' என்று குழந்தைகள் அலறினர். இரவில் உறக்கமில்லை. உடனே இல்லாமல் வாரங்கள் கழித்து இவை தோன்றியவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து 'எல்லாம் முடிந்த பிறகு இவனுக்கு என்ன?' என்று கேட்டவர்களுக்கு, பெங்களூர் எலிகளின் 10 நாள் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் ஊர்ப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அடிப்படை உளவியல் உதவிப் பயிற்சி அளித்தன. வீடு தேடிச் சென்று, பேச விரும்புபவரைப் பேசவிட்டுக் கேட்பதே அதன் மையம். சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் சக ஆய்வாளரும், உறவினரைச் சுனாமிக்குப் பறிகொடுத்தவர்களிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தொடர்ந்து சென்று பேசியதன் பயனை மதிப்பிட்டு 2008இல் வெளியிட்டனர். அந்த ஆதரவைப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன. அந்தத் தன்னார்வலர்கள் மருத்துவர்கள் இல்லை. பொறுமையாகக் கேட்கக் கற்றவர்கள்.

பிறகு 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே இரவில் சாய்ந்தன. 2015 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. புயலில் போன நெல்லை அடுத்த பட்டத்தில் மீண்டும் விளைவிக்கலாம். விழுந்த பலா மரம் திரும்பக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை கடனும் கவலையும் நீடிக்கும். செலியே சொன்ன மூன்றாம் கட்டமாகிய களைப்பு, இப்படி நீளும் கவலைகளில்தான் வந்து சேர்கிறது.

கீழ்ப்பாக்கம் தொலைவில் இருந்த காலம்

இவ்வாறு வருந்துபவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு நெடுங்காலம் நல்ல விடை இல்லை. சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் காப்பகம் 1794இல் வாலன்டைன் கானலி என்ற கம்பெனி மருத்துவரால் தொடங்கப்பட்டது. அரசுக் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு வந்தது. அதுவே இன்றைய அரசு மனநலக் காப்பகம். அக்காலக் காப்பகங்களின் நோக்கத்தில் நோயாளியை ஊரிலிருந்து விலக்கி வைப்பதும் ஒன்று. அதன் விளைவாக, 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே தமிழ்நாடு முழுதும் கேலிச் சொல்லாயிற்று. உறக்கமில்லை, படபடப்பு என்று மருத்துவரிடம் சொன்னால்கூட அந்தப் பெயர் தம்மேல் ஒட்டிக்கொள்ளும் என்று மக்கள் அஞ்சினர். சேத்தியாத்தோப்பிலிருந்து கீழ்ப்பாக்கம் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். வெட்கம் அதைவிடத் தொலைவில் மக்களை நிறுத்தியது.

கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். புறநோயாளர் பிரிவையும் மறுவாழ்வுப் பணிகளையும் வளர்த்து, மூடிய கதவைத் திறக்க முயன்றவர். 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனம் தோன்ற அவர் முன்னின்றார். 1982இல் தேசிய மனநலத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் முதலில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அவற்றுள் ஒன்றாகத் திருச்சிராப்பள்ளி இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், உரிமம் பெறாத காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். அத்துயரம் நாட்டை உலுக்கியது. சிகிச்சை என்பது அடைத்து வைப்பதாக இருக்கக் கூடாது, ஊருக்கு அருகில் கிடைக்க வேண்டும் என்ற கருத்து அதன் பிறகு வலுப்பெற்றது.

குற்றம் என்பதிலிருந்து துயரம் என்பதற்கு

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளித்தது. இதனால் பிழைத்தவரின் குடும்பம் முதலில் அஞ்சியது காவல் நிலையத்தை. உண்மையை மறைத்து 'தவறிக் குடித்துவிட்டார்' என்று சொல்லிச் சிகிச்சை பெறுவதும், அதன்பின் மனநல உதவியை நாடாமல் விடுவதும் வழக்கமாயின.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியது. அதன் 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். வேறுவிதமாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர்மீது வழக்கு நடத்தவோ தண்டிக்கவோ கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு கருத்து எண்பது ஆண்டுகளில் நாடாளுமன்றச் சட்டத்தின் வாசகத்தில் இடம்பெற்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு சேர்க்கப்படவில்லை.

காட்டுமன்னார்கோயில் பெட்டகங்கள்

கடும் அழுத்தத்தின்போது நிதானம் சிறிது நேரம் விலகுகிறது, பின்பு திரும்புகிறது என்று முன்னே பார்த்தோம். அந்தச் சிறிது நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாதிருந்தால் உயிர் தப்பும் அல்லவா? இக்கேள்வியை ஓர் ஆய்வாகச் செய்து பார்த்த இடம் காட்டுமன்னார்கோயில் பகுதி. சேத்தியாத்தோப்பிலிருந்து வீராணம் ஏரியை ஒட்டித் தெற்கே போனால் சிறிது தூரம்தான்.

வேளாண் ஊர்களில் பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே, பரணிலோ மூலையிலோ கிடப்பது வழக்கம். பூச்சாகுபடி செய்யும் ஊர்களில் மருந்தடிப்பு அடிக்கடி நடக்கும். அத்தகைய 8 ஊர்களை லட்சுமி விஜயகுமாரின் குழு முதலில் கண்டறிந்து, அவற்றிலிருந்து சீட்டுக் குலுக்கி 2 ஊர்களைத் தேர்ந்தது. அங்கே ஊர்மக்களின் துணையோடு பொதுக் கிடங்குகள் கட்டப்பட்டன. உள்ளே, விவசாயிகள் மருந்தை வைத்துப் பூட்டிக்கொள்ளப் பெட்டகங்கள் அமைக்கப்பட்டன. வேறு 2 ஊர்கள், கிடங்கு இல்லாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கப்பட்டன. தொடக்கத்தில் கிடங்கு ஊர்களில் 1,097 குடும்பங்களும் ஒப்பீட்டு ஊர்களில் 782 குடும்பங்களும் கணக்கெடுக்கப்பட்டன. ஒன்றரை ஆண்டு கழித்து மீண்டும் கணக்கெடுத்தனர்.

கிடங்கு அமைந்த ஊர்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகளும் முயற்சிகளும் சேர்ந்த விகிதம், மற்ற ஊர்களோடு ஒப்பிடுகையில் தெளிவாகக் குறைந்தது. வேறு வழிகளையும் சேர்த்துப் பார்த்தபோதும் அதே குறைவு தென்பட்டது. மருந்து வீணாகாமல் இருப்பதும் விவசாயிகளுக்குப் பிடித்திருந்தது. தொடக்கத்திலேயே ஊர்களுக்கிடையே வேறுபாடுகள் இருந்ததாலும், ஆய்வு சிறியது என்பதாலும், முடிவுகளை எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதியுள்ளனர். 2013இல் வெளியான இவ்வாய்வு, உலகில் இவ்வகையில் முதலாவது ஆகும்.

இதன் பொருள் என்ன? அந்த ஊர் மக்களின் மனவுறுதி ஒன்றரை ஆண்டில் கூடிவிடவில்லை. கடனும் குடும்பச் சண்டையும் ஒழிந்துவிடவில்லை. வீட்டுக்கும் மருந்துக்கும் இடையே கொஞ்சம் தூரமும், முடிவுக்கும் செயலுக்கும் இடையே கொஞ்சம் நேரமும் கிடைத்தன. நிதானம் திரும்ப அந்த நேரம் உதவியது என்று கொள்ளலாம்.

வகுப்பறையில்

நான் ஆசிரியராக இருந்த ஆண்டுகளில் மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிக்கும் வழக்கம் இருந்தது. நானும் அப்படிப் படித்தவன்தான். அது மாணவரை முனைப்பாக்கும் என்று நம்பினேன். ஒரு மாணவன் முதல்நாள் சரியாகப் போட்ட கணக்கைக் கரும்பலகை முன் நின்றபோது மறந்து, சாக்பீஸைப் பிடித்தபடி வெறுமனே நின்றான். படிக்கவில்லை என்று கடிந்துகொண்டேன். இடைவேளையில் வேப்பமரத்தடியில் கேட்டபோது முழுக் கணக்கையும் சொன்னான். அவனுக்குக் கணக்குத் தெரியும். அத்தனை கண்களின் முன்னே அதை எடுக்க முடியவில்லை. அந்த வித்தியாசம் எனக்குப் புரிய, ஓய்வுபெற்ற பின் இந்நூல்களைப் படிக்கும் காலம் வரை ஆயிற்று.

கல்வித் துறையிலும் மாற்றங்கள் வந்தன. பொதுத்தேர்வில் தோல்வியுற்றவர் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதும் துணைத்தேர்வு முறை தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதை வலியுறுத்தியவர்களுள் ஸ்நேகா அமைப்பும் உண்டு. 2017 முதல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. முடிவு வெளியாகும் நாட்களில் 104 தொலைபேசி எண் வழியே மாணவர்களுக்கு ஆலோசனை வழங்கப்படுகிறது. துணைத்தேர்வும் ஒருவகையில் காட்டுமன்னார்கோயில் பெட்டகம் போன்றதே. 'எல்லாம் முடிந்தது' என்று தோன்றும் நொடிக்கு அடுத்து ஒரு தேதியை அது வைக்கிறது.

அன்றாட வாழ்வுக்கு

இந்த வரலாற்றிலிருந்து அன்றாடத்திற்குப் பயன்படும் சில செய்திகள் உள்ளன.

உறக்கம்: மனப்பாடத்தை மூளை நிலைப்படுத்துவதில் உறக்கத்திற்குப் பெரும் பங்குண்டு. தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிப்பது, அழுத்தத்தைக் கூட்டி நினைவைக் குறைக்கும்.

நடை: அமெரிக்காவில் 120 முதியோரிடம் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் 3 நாள், 40 நிமிடம் வீதம் ஓராண்டு நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்திருந்தது. ஏரிக்கரையிலோ பள்ளி மைதானத்திலோ நடக்கச் செலவு ஏதுமில்லை.

மூச்சு: மெதுவாக, நீளமாக மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. கேனன் விவரித்த ஆயத்த நிலையைத் தளர்த்த இது எளிய வழி.

பேச்சு: நம்பும் ஒருவரிடம் சொல்வது. கேட்பவர் அறிவுரையை அள்ளி வீசாமல் முழுதும் கேட்பது. சுனாமிக்குப் பின் தன்னார்வலர்கள் செய்தது இதைத்தான்.

தள்ளிவைத்தல்: கோபத்திலோ துக்கத்திலோ பெரிய முடிவு எதையும் எடுக்காமல் மறுநாளைக்கு ஒத்திவைப்பது. பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றை வீட்டில் பூட்டி வைப்பது. வருத்தத்தில் இருப்பவரைத் தனியே விடாதிருப்பது.

உறக்கக் கேடு, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையை நாட வேண்டும். இன்று அதற்குக் கீழ்ப்பாக்கம் வரை போக வேண்டியதில்லை; மாவட்ட மனநலத் திட்டம் மாவட்டத்திலேயே உள்ளது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும், குழந்தைகளுக்கு 1098 எண்ணும் உள்ளன.

உங்கள் வகுப்பில் ஒரு மாணவரோ, உங்கள் தெருவில் ஒரு விவசாயியோ வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கியிருப்பதைக் கண்டால், 'தைரியமாக இரு' என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். அருகில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேளுங்கள். தேவைப்பட்டால் அந்த எண்ணை நீங்களே அழைத்து அவர் கையில் கொடுங்கள்.